கலைவாணரின் பள்ளிக்கூடம்

மொரப்பூர்வாசிகளுக்கு ரயில் வண்டியின் பெருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பெரிய பாதையில் அமைந்த ஊர் இது. 1906-ம் ஆண்டில் இங்கிருந்து தருமபுரிக்கு ஒரு சிறிய ரயில் பாதை போட்டார்கள்; 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது; யுத்த காலத்தில், 1941-ல், அதை மூடிவிட்டார்கள். ஆகவே, ரயில் இருந்தால் என்ன சௌகரியம், போய்விட்டால் என்ன சங்கடம் என்ற இரண்டும் இப்பக்கத்தார் அறிந்தவையே. ரயிலில் இன்னொரு விசேஷமும் உண்டு. டிக்கெட் வாங்கி ஏறியவன், பக்கத்தில் இருப்பவனுடைய குலம் கோத்திரத்தை விசாரித்துக்கொண்டிருந்தால் உட்கார இடம் கிடைக்காது!

ரயிலின் இந்த நற்குணத்தைத் தமிழ் மக்கள் சிரித்துக்கொண்டே சிந்திக்கும்படி பாடிக் காட்டியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். வேடிக்கை என்னவென்றால், அவர் பிறந்த நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல்தான். கலைவாணரோ 1957-லேயே காலமாகிவிட்டார்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, ஓர் ஏழைக் குடும்பத்தில் கிருஷ்ணன் பிறந்தார். வறுமையின் காரணமாகப் பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோயிற்று. வில்லுப்பாட்டும், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக மேடையுமே பிறகு அவருக்குப் பள்ளிக்கூடமாயின. 1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி' போன்ற ஆரம்ப காலப் பேசும் படங்களின் மூலம் திரைக்கு வந்தார். அந்தப் படத்தின் டைரக்டர் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர். பின்னர், மனைவி டி. ஏ. மதுரத்துடன் சேர்ந்து, தம் ஹாஸ்யக் காட்சிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்.

கிருஷ்ணனைச் சார்லி சாப்ளினோடு ஒப்பிடுவதுண்டு. இருவரும் வறுமையில் வளர்ந்தவர்கள்; மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள். ஆனால் சாப்ளின் வெகுகாலம் வாய் திறவாமலே உலகத்தைச் சிரிக்க வைத்தார். நம்மவருக்கோ பேச்சும் பாட்டுமே மூலதனம்.

புகழின் உச்சியில் இருந்தபோது பேரிடி விழுந்தது. 1944-ம் வருஷக் கடைசியில், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில், எம். கே. தியாகராஜ பாகவதருடன் அவரும் கைது செய்யப்பட்டார். இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை வழக்காடிய பிறகே, 1947 ஏப்ரலில் விடுதலை கிட்டியது. அந்தத் துன்ப நாட்களில் மதுரம் அம்மையார் தளராமல் நின்று வழக்கையும் நாடகக் குழுவையும் கவனித்துக்கொண்டார்.

சிறையிலிருந்து மீண்டவர் மனம் கசந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் செய்த காரியம் வேறு. நந்தனார் சரித்திரக் காலக்ஷேபத்தின் போக்கிலேயே 'கிந்தனார்' என்ற புதுக் கதையை நடத்தினார். நந்தனாருக்குச் சிதம்பர தரிசனத்தில் தாகம். தாழ்த்தப்பட்டவர் குலத்தில் பிறந்த கிந்தனுக்கோ கல்வியில் தாகம். அவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தோடு திரும்புகிறான். 1949-ல் வெளியான 'நல்லதம்பி' படத்திலும் இந்தக் காலக்ஷேபம் இடம் பெற்றது. படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் சி. என். அண்ணாதுரை; காரி கூப்பர் நடித்த ஓர் அமெரிக்கப் படத்தைத் தழுவிய கதை அது. ஆனால் கிந்தனை அமெரிக்காவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவன் நமது ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தான்.

காந்தி மகாத்மாவுக்கு நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பிய கலைவாணர், சம்பாதித்ததையெல்லாம் பிறருக்கு வாரிக் கொடுத்து, 49 வயது நிறையுமுன்பே, 1957 ஆகஸ்டு 30-ந் தேதி கண் மூடினார்.

எளியவனைப் பார்த்துச் சிரிக்க வைப்பது சுலபமான வித்தை. அவனைத் தடுத்து நிறுத்துகிறவர்களின் அறியாமையைப் பார்த்து, அவர்களையே சிரிக்க வைப்பதுதான் கஷ்டம். ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்ட ஒருவர் அந்தக் கஷ்டமான பாடத்தைத் தமிழ் நாட்டுக்கு நடத்திச் சென்றார். வகுப்பில் ஏதேனும் ஒரு பையன் கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்காரக் கண்டால், என் போன்ற உபாத்தியாயர்கள் ஒரு நிமிஷம் கிந்தனை நினைத்துக்கொள்வது நல்லது.