துயரும் தேறுதலும்

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடுவதற்கு நம்மவருள் நாணுவார் ஒருவருமிலர். உள்ளம் நோயுற்றாலோ, அதனை மறைத்தலே குடிக்குப் பெருமையென்று எண்ணுகின்றோம். விசுவாசக் குறைவால் வந்த கேடு இஃதென்பார் சிலர். மருந்திருக்க ஜெபம் எதற்கென்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றும் முழுவுண்மையாகா என்பதை நம் மாவட்டத்து நிகழ்ச்சியொன்றால் விளக்கப் புகுகின்றோம்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறந்திலோம். சாய்ந்த வாழையையும் ரப்பரையும் மீண்டும் நட்டோம். ஆயின் தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் சென்ற மீனவர் பலர் மீண்டிலர்; அவருட் பலருடைய உடலும் கிடைத்திலது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சலிலும் மணக்குடியிலும் கொண்ட உயிர்களுக்குக் கல்லறைகளேனும் உண்டு. இவர்களுக்கோ அதுவுமில்லை.

உடலைக் காண்டல், அடக்கம் செய்தல், ஊர் கூடி அழுதல் ஆகிய ஒவ்வொன்றும், பிரிவு நேர்ந்துவிட்டதென மனத்திற்கு மெல்ல உணர்த்துவதாம். அவை இன்மையால், தாலியைக் கழற்றுவது துரோகமோ, காத்திருப்பது பேதைமையோ என்றறியாது மனைவி நடுவழியில் நிற்கின்றாள். வியட்நாம் போரிற் காணாமற்போன வீரரின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் அம்மையார், இதனைத் தெளிவுறா இழப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். குறை அவள் உள்ளத்திலன்று, இழப்பின் தன்மையிலேயே உள்ளது என்பது அவர் கண்ட முடிபு. ஆதலின் மனநல ஆலோசகர், "மறந்துவிடு" என்று கூறுவதில்லை. "அவர் மறைந்திருக்கலாம், மீளவுங்கூடும்" என்னும் இரு நினைவையும் ஒருங்கே தாங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பேணவும் அன்றாட அலுவல் செய்யவும் பழக்குகின்றார்.

இனி, சமயம் செய்வது யாது? புலம்பலுக்கு வேதத்தில் இடமுண்டு. சங்கீதங்களுட் பல முறையீடுகளே. இலாசருவின் கல்லறையருகே ஆண்டவரும் கண்ணீர் விட்டார். நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவுத் திருப்பலி, துயருறுவோளுக்குச் சொற்களையும் சுற்றத்தையும் ஒருங்கே தருகின்றது. அழுபவளை நோக்கி, "விசுவாசமிருந்தால் அழாதே" என்பது அவ்வேதத்திற்கே மாறாகும்.

ஆயினும் எல்லையொன்றுண்டு. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் ஒழிந்தாலும், உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலும், ஜெபத்தோடு மருத்துவமும் உடனே வேண்டும். முறிந்த எலும்பிற்கு ஜெபம் மட்டும் செய்து வாளாவிருப்பார் யார்? 1838-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மிஷன் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கினாரன்றோ? சுவிசேஷமும் மருந்தும் பகையென்று நம் முன்னோர் எண்ணிலர்.

மருந்தை மறுத்து நோயாளரைக் கட்டிவைப்பதன் கொடுமைக்கு ஏர்வாடியே சான்று. ஆங்கு 2001 ஆகஸ்டு 6-இல் சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தீயில் அகப்பட்டனர். 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை விலக்கி, மனநலச் சிகிச்சையை அனைவர்க்கும் உரிமையாக்கியது.

மாணவ நண்பர்காள்! விடுதியில் உடனுறையும் தோழன் பேச்சொழிந்து தனித்திருப்பின், உபதேசியாமல் அருகிருந்து கேளுங்கள். அவன் விரும்பின் அவனுக்காக ஜெபியுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கும். ஒருவன் பாரத்தை மற்றொருவன் சுமப்பதற்கு இதனினும் எளிய வழி யாமறியோம்.