மூடாத மதகு

பத்து வயது மகன் ஓட்டப்பந்தயத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தான், ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என ஒரு தாய் எழுதியிருக்கிறார். பதிலைக் கால்சியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1882இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தபோது அது ஓய்ந்துபோனது. முன்பு துடிக்கவைத்தது குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம்.

இதயச் செல்லுக்குள் கால்சியத்துக்கென்று ஒரு சேமிப்பறை உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் கதவு திறக்கும், தசை சுருங்கும்; உடனே ஒரு பம்பு பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவின் பெயர் ரயனோடின் ஏற்பி. தென் அமெரிக்கச் செடியான ரயானியா ஒரு காலத்தில் பூச்சிமருந்தாகப் பயன்பட்டது. அதன் நஞ்சு போய் ஒட்டிக்கொள்ளும் இடம் என்பதால் நஞ்சின் பெயரே கதவுக்கு நிலைத்துவிட்டது! தலா ஏறத்தாழ 5000 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு துண்டுகள் சேர்ந்த பூதாகரமான புரதம் இது. அறைக்குள் கால்சீக்வெஸ்ட்ரின் என்ற இன்னொரு புரதம், ஒரு மூலக்கூறுக்கு 40, 50 கால்சியம் அயனிகளைப் பிடித்துவைத்திருக்கும்.

கருவிலேயே இந்தக் கால்சியக் கணக்கு தொடங்கிவிடுகிறது. கால்சியத்தைச் செல்லிலிருந்து வெளியேற்றும் புரதம் பழுதான வரிக்குதிரை மீன் கருவில் இதயம் உருவாகும். ஆனால் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும்.

இக்கட்டுரையாளரின் ஊர் ஏரியில் மதகு ஷட்டர் சரியாக மூடாது. கோடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள்; ஏரி நிரம்பியதும் கசிந்து நாற்றங்கால் மூழ்கும். சி.பி.வி.டி. என்ற பரம்பரை நோயிலும் இதுதான் நடக்கிறது. ஓட்டத்திலோ பயத்திலோ அட்ரினலின் சுரந்து அறை நிரம்புகிறது, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்விலும் கதவு கசிகிறது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. ரயனோடின் ஏற்பியின் மரபணுவிலும் கால்சீக்வெஸ்ட்ரின் மரபணுவிலும் இதற்கான பிழைகள் இருப்பது 2001இல் தெரியவந்தது.

படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யில் இது பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் வலிப்பு என்றும், பலவீனம் என்றும், பள்ளிக்கு மட்டம்போடும் நடிப்பு என்றும்கூடப் பிள்ளைகள் மீது முத்திரை விழுகிறது. ஓடும்போது விழுந்த பிள்ளையை ஓடவைத்துப் பார்க்காமல் அனுப்புவது பெரிய அநியாயம். பீட்டா பிளாக்கர் மாத்திரை பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தத் தாய் இப்போதைய மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். பையன் என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தான் என்பதை இதய மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் டிரெட்மில் சோதனை செய்ய முடியுமா என்று கேட்கட்டும். அதுவரை ஓட்டமும் நீச்சலும் வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.