பாதியில் நின்ற பாமாலைகள்

குன்றுதோறும் குடிகொண்ட குமரப் பெருமானுக்குப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை அந்நிய நிலம் அன்று. குறிஞ்சித் தெய்வம் அல்லவா அவன்! 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டுரைத்த மலை இது. 1929ஆம் ஆண்டில் இங்கே போ தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்தித் தேயிலைக் கன்று நட்ட நம் முன்னோர், லயங்களின் அருகிலேயே வேலையும் நட்டு வழிபட்டனர். வேல் நின்ற இடத்தில் பாட்டும் பிறந்தது.

அந்தப் பாட்டுக்குத் தாய்வீடு காவடிச் சிந்து. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடைக் களைப்புத் தீர அண்ணாமலை ரெட்டியார் பாடியளித்த மெட்டுகள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. அவற்றைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பாடகர்கள், பகலில் கொழுந்தெடுத்து இரவில் தம் கோயில் முருகன்மீது சொந்தமாகவும் பாட்டுக் கட்டினர். அச்சேறாத அப்பாடல்கள் பழைய நோட்டுப் புத்தகங்களில் வாழ்பவை. அவற்றுள் பாதிப் பாட்டுகளே மிகுதி. பல்லவி இருக்கும், அனுபல்லவியும் இருக்கும். சரணத்துக்கு விட்ட இடம் வெறுமையாகவே இருக்கும்.

இது சோம்பலால் நேர்வதென்று சொல்வது நியாயமாகாது. பல்லவி ஒரு மூச்சில் வந்துவிடும். கும்பிட்ட கை இறங்குமுன்னே வந்துவிடுவதும் உண்டு. சரணத்துக்கோ பொருள் வேண்டும், புராண அறிவு வேண்டும், எதுகைக்காகப் பொருந்தாச் சொல்லைத் திணிக்காத பொறுமை வேண்டும். இவையெல்லாம் வந்து சேர்வதற்குள் கொடியேற்றம் வந்துவிடுகிறது. திருவிழா முடிந்ததும் காலைப் பெரட்டு காத்திருக்கிறது. பாட்டு நாளைக்கென்று தள்ளப்படுகிறது.

நாளைக்கென்று தள்ளுவது நம் மரபில் இழிந்த செயலும் அன்று. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்னும் திருப்பெயரைப் பெற்றார் நந்தனார். அந்த நாளை என்ற சொல்லுக்குள் ஆசை அணையாமல் இருந்தது என்பதே அதன் சிறப்பு. பெரிய புராணத்தில் 37 பாடல்களில் அடங்கிய அவ்வரலாற்றைப் பல நூற்றாண்டுகள் கழித்துக் கோபாலகிருஷ்ண பாரதியார் மீண்டும் கையிலெடுத்து, இசை நாடகமாக விரித்துப் பாடினார். சேக்கிழார் பெருமான் தந்தது முழுமையான காவியமே. எனினும் அதில் பாடவேண்டிய இடங்கள் இன்னும் இருந்தன என்பதைப் பாரதியாரின் செவி கண்டுகொண்டது.

பழைய நோட்டைத் திறக்கும் பாவலனுக்கும் வேண்டுவது அந்தச் செவியே. இருபது வயதில் எழுதிய பல்லவியை ஐம்பது வயதில் படிக்கும்போது கூச்சம் வரும். மெட்டு அந்நாளைய திரைப்படப் பாட்டின் சாயலில் இருக்கும். சொற்கள் மிகையாக இருக்கும். உடனே திருத்தத் தொடங்குவது தவறு என்பது நம் கருத்து. முதலில் வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். உறுமி மேளத்தோடு பாடினால் இன்னும் நன்று. எந்தச் சொல் தாளத்தில் இடறுகிறது என்பதை மேளமே காட்டிக் கொடுத்துவிடும். இடறாத அடியை அப்படியே விட்டுவிடலாம். அன்று தெரியாத வாழ்வு இன்று தெரிந்திருப்பதால், சரணத்துக்குரிய பொருள் தானாகவே கிடைப்பதும் உண்டு. மகனை நகரத்துக்கு அனுப்பிய தந்தை, பழநிக்குப் பிள்ளை கோபித்துப் போன கதையைப் பாடினால் அதன் சுவையே வேறு!

மெட்டு மறந்து சொல் மட்டும் எஞ்சினால் என் செய்வது? இதற்குத் திருப்புகழே சான்று. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி 1894ஆம் ஆண்டில் முதல் தொகுதியை வெளியிட்டார். அருணகிரிநாதர் பாடிய இசை கிட்டவில்லை. ஆயினும் சந்தம் சொற்களுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்தமையால், பின்வந்த இசைவாணர் புதிய இராகங்களில் அவற்றைப் பாட முடிந்தது. ஆகவே பாட்டெழுதுவோர் ஓரத்தில் தத்தகாரத்தையும் நாளையும் குறித்து வைப்பது பெரும் உதவி.

எழுதியவரே மறைந்துவிட்டால் பிறர் முடிக்கலாமா என்ற ஐயமும் எழும். காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டத்தைச் சிவஞான முனிவர் பாட, இரண்டாம் காண்டத்தை அவர்தம் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் பாடினார். கந்த புராணக் கீர்த்தனை இயற்றிய கவிகுஞ்சர பாரதியின் பேரர் கோடீசுவர ஐயர், 72 மேளகர்த்தா இராகங்களிலும் முருகனைப் பாடிக் கந்தகானாமுதம் தந்தார். அப்பாடல்களில் அவர் வைத்த முத்திரை கவிகுஞ்சரதாசன் என்பது. பாட்டனார் பெயரைத் தலைமேற்கொண்டே பேரர் பாடினார். தந்தையின் பல்லவிக்குச் சரணம் எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளும் இம்முறையைப் பின்பற்றலாம்.

இதில் காலத் தாழ்வு கூடாது. தேயிலைத் தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி; கொழுந்தெடுக்க இயந்திரமும் வந்துவிட்டது. நம் குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுவது பழைய காகிதக் கட்டு. தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் மலையேறி வரும் அன்பர்கள், பெட்டியின் அடியில் அப்படியொரு நோட்டு கிடந்தால் அதனையும் உடன் கொண்டு வருவார்களாக. பல்லவியைப் பாட இன்னும் சில முதியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.