கூண்டில் இருப்பதற்குச் சான்று உண்டு; வந்த வழிக்கு?

2024 ஆகஸ்ட் 28 நெருங்க நெருங்க, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம், அரசிடம் பதிய வேண்டுமா?"

பெரும்பாலோர் பதிய வேண்டாம். பல்லாவரம் சந்தையில் லவ் பேர்ட்ஸ் என்று ஜோடி ஜோடியாக விற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலிய பட்ஜீஸ். அவையும் காக்டெயிலும், அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. முகம் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஆப்பிரிக்க லவ் பேர்டுக்கும் விலக்கு உண்டு. ஆனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டதுபோல் இருந்தால் அது வேறு வகை. அதைப் பதிய வேண்டும். மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே, காக்கட்டூ, பச்சை இகுவானா, பால் பைத்தான் ஆகியவற்றையும் பதிய வேண்டும். இவையெல்லாம் 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சைட்ஸ் இனங்களுக்கான புதிய நான்காம் அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகள் பதிவுக்கு ஆறு மாதம், அதாவது அந்த ஆகஸ்ட் 28 வரை, அவகாசம் தந்தன. மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாகத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தப் பதிவைக் 'கடத்தலுக்குக் கடிவாளம்' என்கிறார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். 1972-ன் மூலச் சட்டம் காத்தது நம் நாட்டு விலங்குகளை. பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த இகுவானா சென்னை விமான நிலையத்தில் சிக்கினால் சுங்கத் துறை வழக்குப் போடும். சிக்காமல் வாசலைத் தாண்டிவிட்டால், அதைப் பறிமுதல் செய்ய அந்தச் சட்டத்தில் வனத் துறைக்குப் பிரிவே இருக்கவில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது: ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொன்னால், எந்த ஆவணமும் காட்ட வேண்டியதில்லை. 'தன்னார்வ அறிவிப்பு' என்று பெயர் வைத்தாலும் அது பொதுமன்னிப்புதான். முறையாக இறக்குமதி செய்தவரும் கடத்தல்காரரிடம் வாங்கியவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சான்றை வாங்கிப் போனார்கள்.

இப்போதைய 49எம் பிரிவு, சட்டத்தை மீறிப் பெற்ற விலங்கு அல்ல என்று அதிகாரி திருப்தியடைந்தால்தான் சான்று என்கிறது. கையில் 2020-ன் சான்று மட்டும் இருப்பவர் விஷயத்தில் அந்தத் திருப்தி எங்கிருந்து வரும்?

குட்டி, குஞ்சுகள் விஷயம் இன்னும் சிக்கல். பதிந்த ஜோடிக்குக் குஞ்சு பிறந்தால் தெரிவித்துப் பதியலாம். அது அந்த ஜோடியின் குஞ்சுதானா? பறவை வளர்ப்போர் குஞ்சின் காலில் மூட்டில்லாத முழு வளையம் மாட்டுவார்கள். சில நாள் குஞ்சாக இருக்கும்போதுதான் அது விரல்களைத் தாண்டி ஏறும். கால் பெருத்தபின் ஏறாது. ஆக, காட்டில் பிடித்த பெரிய பறவை அல்ல என்பதற்கு வளையம் ஓரளவு சாட்சி. எந்த ஊர்ப் பண்ணையில் பொரித்தது என்பதற்குச் சாட்சி அல்ல. இகுவானாவுக்கு இந்த வளையமும் இல்லை. மைக்ரோசிப்பை எந்த வயதிலும் தோலுக்கடியில் செலுத்தலாம். பதிந்த ஒரு ஜோடி கையில் இருந்தால், கடத்தி வந்த குட்டிக்குப் பெற்றோர் தயார். மரபணுச் சோதனை இல்லாமல் இந்த ஓட்டை அடைபடாது.

மற்ற கேள்விகள்:

பச்சைக்கிளி வளர்க்கலாமா? கூடாது, நம் நாட்டுப் பறவை, இரண்டாம் அட்டவணை, ஜோசியக்காரரின் கிளிக்கும் சேர்த்துத்தான்.

நட்சத்திர ஆமை? கூடவே கூடாது, முதல் அட்டவணை.

2024 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு வாங்கினால்? கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நண்பருக்குக் கொடுத்தால்? கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும்.

விற்பதற்காக இனப்பெருக்கம் செய்தால்? சைட்ஸின் முதல் பிற்சேர்க்கையில் உள்ள இனம் என்றால் பதிவு போதாது, தனி உரிமம் வேண்டும்.

பதியாவிட்டால்? சட்டத்தின் பொதுத் தண்டனையே 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரசீதோ 2020-ன் சான்றோ எது இருந்தாலும் தேடி எடுத்து, தாமதிக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள். "பேப்பர் அப்புறம் தருகிறேன்" என்று சொல்லும் கடைக்காரரிடம் குஞ்சு வாங்காதீர்கள்.