ஒரே சுவரில் இரண்டு காலம்

தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்தான். ஆனால் இன்று நாம் கும்பிடும் கோயில் முழுவதும் அவன் காலத்தது அல்ல. அம்மன் சந்நிதி 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் எழுந்தது. பெரிய நந்தியும் முருகன் சந்நிதியும் நாயக்கர் சேர்த்தவை.

இந்தக் கால அடுக்குகளைத் துல்லியமாகக் காட்டுவது, கருவறையைச் சுற்றிவரும் இருண்ட உள்சுற்று. அங்கே நாயக்கர் கால ஓவியங்களே கண்ணுக்குத் தெரிந்தன. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர், அவற்றின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். வெள்ளை யானைமேல் சுந்தரர் கயிலைக்குப் போகிறார்; சேரமான் பெருமாள் குதிரையில் விரைகிறார். சோழ ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் உலருமுன் வண்ணம் தீட்டினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது நிறமும் அதனுள் பிடித்துக்கொள்ளும். ஆயிரம் ஆண்டு தாங்கியதன் ரகசியம் அதுதான்.

அப்படியானால் எந்த ஓவியத்தைக் காப்பது? தொல்லியல் துறையினர் இரண்டையும் காத்தார்கள். சில இடங்களில் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைப் பூச்சோடு பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். ஸ்பெயினின் தவுல் ஊரில், 1123-இல் அர்ச்சிக்கப்பட்ட புனித கிளமென்ட் தேவாலயத்திலும் இதுபோல் நடந்தது. பிற்காலத்தில் வைத்த பீடத்திரைக்குப் பின்னால் பழைய சுவரோவியம் மறைந்து கிடந்தது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன்மேல் பசை தடவித் துணி ஒட்டி உரித்தெடுத்து, பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் ரப்பர் தோட்டத்துக் கோயில்களிலும் இப்படிக் கால அடுக்குகள் உண்டு. பத்து காஜா அருகே கெல்லி கோட்டையைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல், சாமி சிலைகளோடு வெள்ளை உடை அணிந்த துரை ஒருவரின் உருவமும் நிற்கிறது. எந்த ஏட்டையும்விட அந்தச் சுதைச்சிலை அக்காலத்தை நேராகச் சொல்கிறது. ஆனால் தோட்டம் மூடி, வீட்டுமனையாகி, கோயில் இடம் மாறும்போதும், கும்பாபிஷேகத் திருப்பணியின்போதும் பழைய சுதையும் வண்ணமும் முதலில் இடிபடுகின்றன.

திருப்பணி வேண்டியதுதான். ஆனால் சுத்தியல் விழுமுன் கோயிலை நான்கு பக்கமும் படம் எடுங்கள். பழைய பூச்சில் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லச் சுரண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்வெட்டை எழுதி வையுங்கள். பால் வெட்டிய கைகள் சேர்த்த காசில் எழுந்த சுவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.