வெற்றிடத்தின் எழில்

காட்சி முழுவதையும் படத்துள் அடக்கிவிடுதலே நிழற்படக் கலையின் சிறப்பெனக் கருதுவோர் பலர். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, ஒரு மரம், ஒரு கோடு, சிறிது மூடுபனி என்னும் அளவில் நின்றுவிடுதலே சிறப்பென்பர் வேறு சிலர். இவ்விரண்டாம் நெறியிற் புகழ் பெற்றோருள் ஒருவர், 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த மைக்கேல் கென்னா.

யப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோத் தீவின் பனிவெளிகளை அவர் கறுப்பு வெள்ளையிற் சதுரப் படங்களாக ஆக்கியுள்ளார். வெண்பனி மூடிய நிலத்தில் ஒரு வேலி, ஏரிக்கரையில் ஒரு முதுமரம், அவ்வளவே. கமராவில் ஒளி புகும் வாயிலை அவர் சில நிமிடங்கள், இரவாயிற் சில மணி நேரம், திறந்தே வைப்பதுண்டு. அவ்வேளையில் அசையும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து மென்புகைபோற் படியும். அசையாத பாறையும் கம்பமுமே தெளிவாக எஞ்சும்.

யப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ இன்னும் ஒருபடி அப்பாற் சென்றார். 1980இல் ஜமேய்க்காவிற் கரீபியன் கடலைப் படம்பிடித்தது முதலாகப் பல கடல்களையும் அவர் ஒரே முறையிற் படமாக்கினார். மேற்பாதி வானம், கீழ்ப்பாதி கடல், கப்பலுமில்லை, கரையுமில்லை. ஆதிமனிதன் கண்ட காட்சியை இன்றைய மனிதனும் காணவியலுமா என்பதே அவரை இதில் ஈடுபடுத்திய வினா.

இந்நெறி கீழைநாடுகளுக்குப் புதிதன்று. தென் சொங் அரசர் காலத்திற் சீனத்தில் வாழ்ந்த மா யுவான், காட்சியை ஒரு மூலையில் ஒதுக்கி எஞ்சிய இடத்தை வெறிதே விட்டமையால் ‘ஒருமூலை மா’ எனப் பெயர் பெற்றார். அவருடையதெனக் கொள்ளப்படும் ஓவியமொன்றில், தனிப்படகில் ஒரு தூண்டிற்காரன். சுற்றிலும் சில நீர்க்கோடுகள் மாத்திரம். ஆயினும் பரந்த குளிர்நீரை நாம் உணர்கின்றோம். 16ஆம் நூற்றாண்டில் ஹசெகவா தோஹாகு வரைந்த பைன்மரத் திரைகளிலும் மரங்களினும் மூடுபனியே மிகுதி. அம்மூடுபனியோ மை படாத வெறுந்தாள். இவையிரண்டும் தோக்கியோ தேசிய நூதனசாலையில் உள்ளன.

கவிதையிலும் இதுவே வழக்கு. பாஷோ (1644–1694) உயர்நிலைக்குக் கொணர்ந்த ஹைக்கு, 17 அசைகளிற் காட்சியைக் கூறி உணர்ச்சியைக் கூறாது விடும். விட்டதை நிரப்புவது படிப்போர் பணி.

இவ்வெறுமைக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. ஹொக்கைடோவில் பியே என்னும் ஊரிலே, பயிர்நிலத்திற் சாய்ந்து நின்ற பொப்ளார் மரமொன்று ‘தத்துவ மரம்’ எனப் பெயர் பெற்றது. அதனைப் படமெடுக்க வந்த உல்லாசப் பிரயாணிகளுட் சிலர் தடையை மீறி நிலத்தை மிதித்தனர். மரமும் முதுமையுற்று விழும் நிலையை அடைந்தது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், நிலத்துக்குரிய கமக்காரர் அதனை வீழ்த்தினார். தனிமையை நாடிக் கூட்டங் கூடினால், தனிமை எங்ஙனம் நிலைக்கும்?

ஆதலின் கமராவைக் கையிலெடுக்கும் மாணவர், படத்தில் எதனை விடுவதென்று கற்பதோடு, எவ்விடத்தில் அடிவையாது விடுவதென்றும் கற்றல் வேண்டும்.