நீங்கள் போடாத பூட்டு: லேப்டாப் திடீரென 48 இலக்க எண் கேட்டால் என்ன செய்வது?

போன டிசம்பர் மழையில் திருவொற்றியூரில் என் சித்தி வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாவற்றையும் செங்கல் வைத்துத் தூக்கியவர்கள், கட்டிலுக்கு அடியில் பையோடு கிடந்த லேப்டாப்பை மறந்துவிட்டார்கள். சித்தி மகன் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் ஃபைல், தங்கச்சி கல்யாண போட்டோ, எல்லாமே அந்த லேப்டாப்பில்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் திறந்து பார்த்தார்கள். எஸ்எஸ்டி நல்லபடியாக இருந்தது. மதர்போர்டுதான் போச்சு. "போர்டு மாத்திட்டா டேட்டா அப்படியே இருக்கும் தம்பி" என்றார் கடைக்காரர். மாற்றினார்கள். லேப்டாப் ஆன் ஆனது. ஆனால், வழக்கமான லாகின் பக்கத்துக்குப் பதிலாக நீலத்திரையில் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேட்டது. 48 இலக்கம்.

"அக்கா, நான் எந்த லாக்குமே போடலையே!" என்று போனில் கத்தினான். உண்மைதான், அவன் போடவில்லை. விண்டோஸ் தானாகவே போட்டிருக்கிறது.

பூட்டு எப்போது விழுந்தது?

டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பதுதான் என்கிரிப்ஷன், தமிழில் குறியாக்கம். விண்டோஸில் இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் பிட்லாக்கர். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. ரொம்ப நாள் இது பெரிய கம்பெனி லேப்டாப்களின் சமாச்சாரமாகத்தான் இருந்தது.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் நிலைமை மாறியது. இந்தப் பதிப்போடு வரும் புது லேப்டாப்பிலோ, இதைப் புதிதாக இன்ஸ்டால் செய்த கணினியிலோ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ளே நுழைந்தால், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாக ஆன் ஆகிவிடும். முன்பும் சில லேப்டாப்களில் இப்படி நடந்ததுண்டு. ஆனால் அதற்கு வன்பொருள் நிபந்தனைகள் இருந்தன. 24எச்2-வில் அவற்றைத் தளர்த்திவிட்டார்கள். அதனால், சாதாரண ஹோம் எடிஷன் லேப்டாப்களும் பெருமளவில் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. பழைய விண்டோஸிலிருந்து அப்டேட் மூலம் 24எச்2-வுக்கு வந்தவர்களுக்கு மட்டும் இது தானாக ஆன் ஆகாது.

சாவி எங்கே இருக்கும்? லேப்டாப்புக்குள் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது. தினமும் ஆன் செய்யும்போது, 'இது அதே போர்டுதானா, ஸ்டார்ட் ஆகும் மென்பொருளை யாராவது மாற்றியிருக்கிறார்களா' என்று சரிபார்த்த பிறகே அது சாவியை விடுவிக்கும். அதனால்தான் இப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. மதர்போர்டை மாற்றினால் டிபிஎம்மும் மாறிவிடும். புது போர்டுக்கு பழைய டிஸ்க் அந்நியம். உடனே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியின் நகல் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் ஏறியிருக்கும்.

சித்தி மகன் விஷயத்தில் சிக்கல் அங்கேதான். லேப்டாப் வாங்கிய அன்று, 'செட்டப் பண்ணித் தர்றேன் பாஸ்' என்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியில் அக்கவுன்ட் உருவாக்கியிருக்கிறான். பாஸ்வேர்டு ஞாபகமில்லை. ஓடிபி போகும் நம்பர் அந்தப் பையனுடையது. அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். நான்கு நாள் அலைந்த பிறகு ஃபார்மட் அடித்தார்கள். கல்யாண போட்டோ போட்டோகிராபரிடம் இருந்ததால் தப்பித்தது. மற்றது எல்லாம் காலி.

மழை, உப்புக்காற்று, அப்டேட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலி பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். நம் பகுதியில் தண்ணீர் பட்டுச் சாகும் லேப்டாப்களுக்குப் பஞ்சமில்லை. கடலோர உப்புக்காற்றிலும் போர்டு அரிக்கும். முன்பெல்லாம் போர்டு செத்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி டேட்டாவை எடுத்துவிடலாம். இன்று என்கிரிப்ட் ஆன டிஸ்க்கில் சாவி இல்லாமல் அது நடக்காது. எவ்வளவு பெரிய டேட்டா ரெக்கவரி கடைக்குப் போனாலும் இதுதான் கதை.

தண்ணீரே படாமலும் நீலத்திரை வரலாம். 2024 ஜூலை பாதுகாப்பு அப்டேட்டைப் போட்ட சில கணினிகள் திடீரென மீட்புச் சாவி கேட்டன. ஆகஸ்ட்டில்தான் அது சரி செய்யப்பட்டது. 2025 மே மாதம் விண்டோஸ் 10-இல், குறிப்பிட்ட இன்டெல் சிப் உள்ள அலுவலகக் கணினிகளில் அதே கதை. அவசர அப்டேட் வெளியிட வேண்டி வந்தது. 2025 அக்டோபர் அப்டேட்டிலும் சில இன்டெல் கணினிகளில் இது நடந்தது. இந்த மாதிரி நேரங்களில் சாவியை ஒருமுறை போட்டால் பொதுவாக லேப்டாப் பழையபடி ஓடும். சாவி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 ஜூலை 19-ஐ மறக்க முடியுமா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறான ஃபைலை அழிப்பது ஐந்து நிமிட வேலைதான். ஆனால், பிட்லாக்கர் போட்ட ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக 48 இலக்கத்தை டைப் அடிக்க வேண்டியிருந்தது. சில நிறுவனங்களில் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே கோளாறில் விழுந்து கிடந்தது. பூட்டிய வீட்டுக்குள் சாவிக்கொத்து!

அப்போ ஆஃப் பண்ணிடலாமா?

சித்தி மகன் அதைத்தான் முதலில் கேட்டான். என் பதில்: வேண்டாம்.

அவன் லேப்டாப்பில் இருந்தது என்னென்ன என்று யோசியுங்கள். கிளியரிங் ஆபீஸ் என்றால் வாடிக்கையாளரின் இறக்குமதி–ஏற்றுமதி எண், ஜிஎஸ்டி, பான் கார்டு, கேன்சல் செய்த காசோலை, இன்வாய்ஸ். 2018-ஆம் ஆண்டு சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளின்படி, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது தரகரின் கடமை. ஆகவே இந்த ஆவணங்கள் ராஜாஜி சாலையிலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ சின்னச் சின்ன ஆபீஸ் லேப்டாப்களில் கிடக்கின்றன. விம்கோ நகர் மெட்ரோவில் அந்தப் பையை மறந்துவிட்டு இறங்கினால்? என்கிரிப்ஷன் இல்லாத டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் போதும், விண்டோஸ் பாஸ்வேர்டு ஒரு தடையே இல்லை.

சட்டமும் நெருங்குகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் காக்கும் 'நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு'களில் ஒன்றாக குறியாக்கத்தையும் அந்த விதிகள் குறிப்பிடுகின்றன. ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் உண்டு.

அதே நேரம், பிட்லாக்கர் மந்திரக்கோல் இல்லை. லேப்டாப் ஆனில் இருக்கும்போது எல்லாம் திறந்தே இருக்கும். ரான்சம்வேரையோ, வாட்ஸ்அப்பில் வரும் போலி ஏபிகே ஃபைலையோ இது தடுக்காது. 2024 பிப்ரவரியில் ஸ்டாக்ஸ்மாஷிங் என்ற யூடியூபர், டிபிஎம் தனிச் சிப்பாக இருக்கும் ஒரு பழைய லேப்டாப்பில், 10 டாலருக்கும் குறைவான கருவியை வைத்து 43 விநாடியில் சாவியை உருவிக் காட்டினார். சிப்பிலிருந்து பிராசசருக்குச் சாவி போகும் வழியில் ஒட்டுக்கேட்கும் வித்தை அது. பல புது லேப்டாப்களில் டிபிஎம் பிராசசருக்குள்ளேயே இருப்பதால் இந்த வழி செல்லாது. புரோ எடிஷன் வைத்திருப்பவர்கள் ஆன் செய்யும்போதே பின் கேட்கும்படி வைத்தால் இன்னும் பலம்.

வேகம் குறையுமா? 2023-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் செய்த சோதனையில், சில வகை வேலைகளில் எஸ்எஸ்டி வேகம் 45 சதவீதம் வரை குறைந்தது. தினசரி எக்செல், பிரவுசர் வேலையில் இதை உணர்வது கஷ்டம். இந்தச் சுமையைப் பிராசசருக்குள் உள்ள தனிப் பகுதிக்கு மாற்றும் வசதியை 2025 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் அதற்குப் புதுத் தலைமுறை சிப் வேண்டும்.

வெராகிரிப்ட் பயன்படுத்துபவர்களுக்கு

மைக்ரோசாஃப்டையே நம்ப விரும்பாதவர்களின் இலவசத் தேர்வு வெராகிரிப்ட். 2014 மே மாதம் ட்ரூகிரிப்ட் திடீரெனக் கடையை மூடியதும் அதன் வாரிசாக நிலைத்தது. மொத்த டிஸ்க்கும் வேண்டாம், ஆபீஸ் ஃபோல்டர் மட்டும் பூட்டினால் போதும் என்றால் இது நல்ல வழி. ஹோம் எடிஷனிலும் ஓடும்.

ஒரு எச்சரிக்கை: 2023-இல் வந்த 1.26.7 பதிப்பிலிருந்து பழைய ட்ரூகிரிப்ட் ஃபைல்களைத் திறக்கும் வசதி நீக்கப்பட்டுவிட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கு ஏதாவது பென்டிரைவில் ட்ரூகிரிப்டில் தூங்கினால், 1.25.9 பதிப்பை வைத்துத் திறந்து இப்போதே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். 2025-இல் வந்த 1.26.24 பதிப்பு, தன் விண்டோவை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. நல்ல வசதிதான், ஆனால், எனிடெஸ்க்கில் யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டால் அவருக்கு அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இதில் சாவியை எடுத்துக் கொடுக்க எந்த நிறுவனமும் இல்லை. பாஸ்வேர்டு மறந்தால் மறந்ததுதான்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது

செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டைத் திறந்து, டிவைஸ் பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்த அக்கவுன்ட் உங்களுடையதுதானா, ஓடிபி உங்கள் நம்பருக்கு வருகிறதா என்பதுதான் முக்கியம். இல்லையென்றால், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே கன்ட்ரோல் பேனலில் போய்ச் சாவியைப் பிரின்ட் எடுத்துவிடலாம். நின்ற பிறகு முடியாது.

24எச்2-வில் ஒரு சின்ன நல்ல மாற்றம் உண்டு: சாவி எந்த அக்கவுன்டில் இருக்கிறது என்பதற்கான குறிப்பு நீலத்திரையிலேயே வரும். சாவி மைக்ரோசாஃப்டிடம் இருந்தால், சட்டப்படி கேட்கும் அரசு அமைப்புகளுக்கு அது போகலாம் என்ற கவலை சிலருக்கு உண்டு. நியாயமான கவலைதான். அப்படிப்பட்டவர்கள் பிரின்ட் எடுத்துவிட்டு அக்கவுன்டில் உள்ளதை அழித்துவிடலாம். ஆனால், தொலைத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், அது ஆன் ஆகும் நிலையில் இருந்தால், என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். புரோ எடிஷனில் 'சஸ்பெண்ட்' செய்தாலே போதும். பயோஸ் அப்டேட்டுக்கும் இதே வழிதான். இவ்வளவுக்கும் மேலே ஒரு பேக்கப் தனியாக இருக்கட்டும். சாவி என்பது பேக்கப் ஆகாது.

சித்தி வீட்டில் அந்த 48 இலக்கம் இப்போது ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் முதலில் பரணுக்கு ஏறுவது அந்தக் கவர்தான். அடுத்தது லேப்டாப்.